டேர்போவுக்கு முதல் ரேடியேட்டர்

எங்கட வீட்டு ஹைலக்ஸ் என்னைவிட மூத்தது. சிங்கிள் கெப், த்ரீ-எல் எஞ்சின், 2,779 சீசீ, டேர்போ இல்லாத பழைய டீசல். மீற்றர் 4 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீற்றர் காட்டுது. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏத்தித்தான் அப்பா எங்கள் மூன்று பேரையும் படிப்பிச்சார். இப்ப ஸ்டியரிங் தம்பியின் கைக்கு வருது. அவனிட்ட ஒரு பட்டியல் இருக்கு: டேர்போ, பம்பில டீசல் கூட்டுறது, பெரிய டயர், முன்னுக்கு எல்.ஈ.டி. லைட்.

"பெடியளின்ர விசர்" என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பெட்டி நிறையப் பூசணிக்காயோடு, 90 குதிரைவலு சொச்சத்தை நம்பி ஏ9 வீதியில் ஒரு லொறியை முந்திப் பார்த்தவர்களுக்கு அவன் கேட்பது விளங்கும். புதுசு வாங்கலாமே என்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை எங்கள் மாதிரி வீடுகள் கிட்டப் போக ஏலாதது. ஆக, இருக்கிறதைத்தான் மேம்படுத்த வேணும். எதை முதலில் என்பதுதான் கேள்வி. வீட்டுக் கணக்குக் கொப்பி என்னிடம் இருப்பதால் இந்தச் சண்டையில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு.

டீசல் எஞ்சினில் கூடுதல் வலு வேணுமென்றால் டீசலும் கூட வேணும், அதை எரிக்கக் காற்றும் கூட வேணும். டீசலை மட்டும் கூட்டினால் சரியாக எரியாத மிச்சம் கறுப்புப் புகையாக வரும். வருசா வருசம் எடுக்கிற புகைப் பரிசோதனையில் மாட்டும். அதைவிட மோசம் சூடு. டீசலைக் கூட்டக் கூட்ட எஞ்சினுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். டேர்போ காற்றைத் தரும், உண்மை. ஆனால் சிலிண்டருக்குள் அமுக்கத்தையும் சேர்த்துக் கூட்டும். இதுவோ டேர்போ இல்லாமல் ஓடவென்று வடிவமைத்த, காற்றை ஏற்கனவே 22 மடங்கு அளவுக்கு அமுக்குகிற எஞ்சின். இந்த எல் வகை எஞ்சின்கள் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும் என்பது பழைய கராஜ்காரருக்குப் பாடம்.

எங்கட கராஜ் அண்ணை தம்பியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "இப்ப இருக்கிற சூட்டையே இது ஒழுங்கா வெளியேத்துதோ எண்டு உனக்குத் தெரியுமோ?"

ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தோம். கிணத்துத் தண்ணி கேத்திலின் அடியில் என்ன செய்யுமோ, அதையே உள்ளேயும் செய்திருந்தது. குழாய்களில் கனக்க அடைபட்டிருந்தன. புது கோர் போட்டு, தேர்மோஸ்ராற், ஹோஸ்கள், மூடி எல்லாம் மாத்தி, கூலன்ட் விட்டோம். கூடவே தண்ணி மட்டம் குறைந்தால் சத்தம் போடும் ஒரு அலாரம். காரணம், தண்ணி வடிந்து சென்சர் காற்றில் நின்றால் சூடுமானி சிலவேளை சூட்டைக் காட்டவே காட்டாது. முள்ளை நம்பி ஓடிக்கொண்டிருக்கையில் ஹெட் போய்விடும்.

அடுத்தது டைமிங் பெல்ட். 1 லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்த வேணும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு இன்ஜெக்டர்களைச் சோதித்து, வால்வு இடைவெளி சரிசெய்து, காற்று பில்டரும் டீசல் பில்டரும் மாத்தினோம். டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணியை வடிக்கிறதைத் தம்பிக்கு வழக்கமாக்கினோம். 2022இல் கேனிலும் பரலிலும் டீசல் சேர்த்து ஓடின நாட்களை மறக்காதவர்களுக்கு இது ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு செய்த பிறகு வாகனம் இழுத்த இழுவையில் தம்பியே கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. நாங்கள் எதையும் கூட்டவில்லை; வருசக் கணக்காகத் தொலைந்தது திரும்பி வந்தது, அவ்வளவுதான். கன தூரம் ஓடின வாகனத்தில் "அப்கிரேட்" என்று நாங்கள் தேடுவதில் பாதி அது முதலே வைத்திருந்ததுதான்.

பெரிய டயர் பட்டியலில் இருந்து போய்விட்டது. டயர் பெருத்தால் கியர் நீளும், இழுவை குறையும், மீற்றரும் ஓடின தூரத்தைக் குறைத்துக் காட்டும். லைட் வந்தது, வேறு மாதிரி. பழைய வயர்களிலும் சுவிச்சிலும் மின்னழுத்தம் வடிந்துதான் வெளிச்சம் மங்கியிருந்தது. பற்றரியில் இருந்து ரிலே வைத்து நேராகக் கொடுத்ததும் அதே பல்ப் பளிச்சென்று எரிந்தது. எல்.ஈ.டி.க்காகப் பெரிய ஓல்டனேற்றர் போடுவோம் என்றும் ஒரு கதை வந்தது. இந்த எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கான வக்கியூம் பம்ப் ஓல்டனேற்றரின் பின்பக்கம்தான் இருக்கு. அது இல்லாத ஒன்றை மாட்டினால் வெளிச்சம் கூடும், பிரேக் மிதி கல்லாகும்.

இப்ப வீட்டில் ஒரு சட்டம்: ஒரு தரத்துக்கு ஒரு மாற்றம், பிறகு 1,000 கிலோமீற்றர் ஓட்டம், அதுக்குப் பிறகுதான் அடுத்தது. நாலை ஒரே நாளில் மாத்திவிட்டு ஒரு சத்தம் கேட்டால் எதைக் குற்றம் சொல்லுறது? வாகனம் ஒரு கிழமை கராஜில் நின்றால் எங்களுக்கு ஒரு கிழமை வருமானம் இல்லை. தோட்டக்காரர் வேறு வாகனம் பிடிப்பார்கள். பிடித்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நிச்சயமில்லை.

டேர்போ இன்னும் பட்டியலில் இருக்கு. நான் அதை வெட்டவில்லை. அது வர முதல் கிளச், பிரேக், புகைபோக்கியின் சூட்டை அளக்கிற ஒரு மானி எல்லாம் வர வேணும். கொப்பியில் அதுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்தேன். தம்பி தன் கையால் முதல் வரி எழுதியிருக்கிறான்: "நாலு சிலிண்டரிலயும் கொம்பிரஷன் பாக்கோணும்."