பின்னால் வருபவருக்காக

கடந்த மாரியில் ஒரு நாள், உரும்பிராய் உள்வீதியொன்றில் எனது ஜீப் வண்டியைச் செலுத்திச் சென்றபோது, துவிச்சக்கர வண்டியில் சென்ற பாடசாலை மாணவி ஒருத்தியைக் கடந்தேன். சில கணங்களின் பின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவளது வெள்ளைச் சீருடை முழுவதும் சேறு. நான் நிறுத்தவில்லை. அருகில் இருந்த மனைவி, "இஞ்சாருங்கோ, செம்பாட்டுக் கறை லேசில போகாது. நாளைக்கும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமெல்லே" என்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகும். ஆனால் மறுநாள் காலை குனிந்து பார்த்தேன். நான்கு சில்லுகளின் பின்னாலும் சேற்றுத் தடுப்பு, வழக்கில் சொல்வதானால் மட்பிளாப், இருக்கவில்லை. வண்டிக்கு நாம் பூட்டும் பொருட்களிற் பெரும்பாலானவை உள்ளே இருப்பவர்களின் சொகுசுக்கானவை. இதுவோ பின்னால் வருபவருக்கானது. அதனாற்தான் போலும், இத்தனை காலமும் அது இல்லாதது என் கண்ணிற் படவில்லை.

நானே பூட்டுவதெனத் தீர்மானித்தேன். உதிரிப்பாகக் கடையில் நான்கு தடுப்புகளும் துருப்பிடிக்காத திருகாணிகளும் வாங்கினேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹான்ட் பிறேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்தேன். சுக்கானை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால், முன்சில்லைக் கழற்றாமலே கை நுழைய இடம் கிடைக்கும். சில்லுக் குழியின் விளிம்பில் ஏற்கெனவே உள்ள திருகாணிகளைக் கழற்றி, சேற்றைக் கழுவித் துடைத்து, அதே துளைகளில் தடுப்பை வைத்துச் சற்று நீளமான திருகாணிகளாற் பூட்டவேண்டும். முதலில் தளர்வாகப் பூட்டி, நேர் பார்த்த பின்னரே இறுக்கவேண்டும். நானோ முதலாவதையே இறுக்கிவிட்டேன். சுக்கானை மறுபுறம் திருப்பியதும் ரயர் உரசியது, மீண்டும் கழற்றினேன். பின்புறத்தில் ஓரிடத்தில் தகட்டைத் துளையிட நேர்ந்தது. அத்தகைய துளையின் விளிம்புக்குத் துருத்தடுப்புப் பூச்சுப் பூசாவிட்டால், துரு அங்கிருந்தே தொடங்கும். ஒரு மணிநேரம் என நினைத்த வேலை மதியம் வரை நீண்டது.

1990களின் முற்பகுதியில், எரிபொருள் தடையினால் யாழ்ப்பாணமே துவிச்சக்கர வண்டியில் இயங்கிய காலத்தில், நானும் மிதித்துத் திரிந்தே செய்தி சேகரித்தவன். எப்போதாவது கடந்துபோகும் வாகனம் வாரியிறைத்த சேற்றுடன் அலுவலகத்துக்குள் நுழைந்து, அந்தச் சாரதியைச் சபித்தபடி எழுத அமர்ந்த நாட்கள் உண்டு. அந்தச் சாரதியின் இடத்தில் இன்று நான்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சில்லு பின்னோக்கி எறியும் சேற்றையும் சிறுகற்களையும் இந்த இறப்பர்த் துண்டு பெருமளவு தடுக்கும். பள்ளத்தில் தேங்கிய வெள்ளம் பக்கவாட்டிற் சிதறுவதை அது தடுக்காது. அதற்கு வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. இப்போது துவிச்சக்கர வண்டியைக் கண்டால் குறைக்கிறேன்.

அந்த மாணவியை மீண்டும் காணவில்லை. கண்டாலும் அடையாளம் தெரியப்போவதில்லை. மன்னிப்புக் கேட்பதற்குரிய நேரம் அன்று இருந்தது. நான் நிறுத்தவில்லை.