என் பெயருக்குச் சேர்ந்த மேற்கோள்கள்

என் ஆய்வுக் கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கூகுள் ஸ்கொலரில் பார்ப்பது என் நாளாந்தப் பழக்கம். காலையில் தேநீர் போடுவதற்கு முன்பே பார்ப்பேன். இரண்டு விரிவுரைகளுக்கு நடுவில் பார்ப்பேன். மூதூருக்குப் படகில் போகும்போது, கொட்டியாரக் குடாவின் நடுவில் சிக்னல் கிடைத்தால் அங்கேயும் ஃபோனைத் திறப்பேன். பெண்களின் உடல்நலத்தை ஆராய்கிறவள் என்று திருகோணமலை மாவட்டத்தில் என்னைச் சிலர் அறிவார்கள். அந்த ஆராய்ச்சியில் நான் செய்த பிழைகளை யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டியவர்களுக்கு என் கட்டுரைகளை வாசிக்கும் வழியே கிடையாது என்பதால், நானே எழுதுகிறேன்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்க வேண்டும். ஆய்வாளர் ஒருவர் கட்டுரை எழுதினால், எந்தெந்தக் கட்டுரைகளிலிருந்து செய்தி எடுத்தாரோ அவற்றைக் கடைசியில் பட்டியலிடுவார். உங்கள் கட்டுரை எத்தனை பேரின் பட்டியலில் ஏறியதோ அதுவே உங்கள் மேற்கோள் கணக்கு. இந்த மேற்கோள்களைத் தொகுக்கும் ஒரு சுட்டி வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955இல் எழுதினார். 1964இல் அவருடைய நிறுவனமே அதை வெளியிட்டது. ஒரு கருத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தடம் பிடிக்க அது உதவியது. காலப்போக்கில் அதையே ஆளை நிறுக்கும் தராசாக்கிவிட்டோம். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் குறியீட்டைக் கொண்டுவந்தார். உங்கள் கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் குறியீடு பத்து. அதே ஹிர்ஷ் 2020இல், இந்தக் குறியீடு கடுமையான தீய விளைவுகளைத் தரக்கூடும் என்று எழுதினார். அதற்கு முன்பே, ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் தாக்க எண்ணை வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்ற பிரகடனம் 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவாகியிருந்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். நடத்தி முடித்து அறைக்கு வந்ததும் என் எண் ஏறியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

என் எண்ணை உயர்த்திய கள ஆய்வு மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்துப் பெண்களைப் பற்றியது. பல பிள்ளைகளைப் பெற்று நாற்பதைத் தாண்டியவர்கள். அடிவயிற்றில் ஏதோ இறங்கி நிற்பது போன்ற பாரம், இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது, வருடக்கணக்கில் வெள்ளைபடுதல். இதையெல்லாம் அவர்கள் கணவனிடம்கூடச் சொல்வதில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, முகாமில் பிள்ளை பெற்று, உடம்பு தேறுவதற்கு முன்பே தண்ணீர்க் குடம் சுமந்தவர்கள் அவர்களில் பலர். 2004 சுனாமி கிண்ணியா ஆஸ்பத்திரியையே அடித்துக்கொண்டு போனது. 2009இல் பாலம் திறக்கும்வரை, கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு வர நினைத்தவர்கள் இழுவைப் படகுப் பாதைக்காகக் கரையில் காத்து நிற்க வேண்டியிருந்தது. இன்று பாலம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆண் டொக்டரிடம் இதை எப்படிக் காட்டுவது என்ற கூச்சம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண்கள் என்னை நம்பிப் பாய் விரித்து உட்காரவைத்துச் சொன்னார்கள். மூதூரில் ஓர் அம்மா, "மகள், இத நான் என்ட உம்மாக்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். அதைக் கேட்டபோது என் மனதில் ஓடிய எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்: இந்த வாக்கியம் கட்டுரையின் தொடக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைத்தேன். அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். ஆய்விதழின் மதிப்பாய்வாளர் அந்த இடத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

அவர்களில் கணிசமானவர்களின் நோவுக்கு வழி இருந்தது. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி சிறுநீர்க் கசிவைப் பலருக்குக் குறைக்கும், செலவே இல்லை. கருப்பை இறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய முடியாதவர்களுக்கு உள்ளே பொருத்தும் வளையம் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து நாட்டில் வெல் வுமன் கிளினிக்குகள் நடக்கின்றன. முப்பத்தைந்து வயதில் அங்கே போனால் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் இலவசம். இவற்றை ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி, அந்த வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. துண்டுப்பிரசுரத்துக்குப் பதவி உயர்வில் புள்ளி இல்லை. அதை யாரும் மேற்கோள் காட்டவும் மாட்டார்கள்.

இத்தனைக்கும், ஆய்வின் முடிவுகள் உங்களுக்கு அறியத் தரப்படும் என்று சம்மதப் படிவத்தில் எழுதியவள் நான். அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். எழுதத் தெரியாதவர்களிடம் பெருவிரல் அடையாளம் வாங்கினேன். அந்தப் படிவங்கள் இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன.

அந்த வாக்கை மறந்துவிட்டு, ஒரே கணக்கெடுப்பைத் துண்டு துண்டாக வெட்டினேன். சிறுநீர்க் கசிவுக்கு ஒரு கட்டுரை, கருப்பை இறக்கத்துக்கு ஒன்று, சிகிச்சை தேடுவதில் தாமதத்துக்கு ஒன்று, குடும்ப ஆதரவுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் முந்தியவற்றை நானே மேற்கோள் காட்டினேன். ஒரே பெண்ணின் ஒரே உடம்பு என் கட்டுரைகளில் தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கிறது. அவளுக்கு இவை எல்லாம் சேர்ந்தே இருந்தன என்பதையும், மருத்துவர் அறிய வேண்டியது அதுதான் என்பதையும் எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

அடுத்த பிழை எனக்கு இன்னும் பாரமானது.

1989 ஜனவரியில் லான்செட் இதழில் டொக்டர் ராணி பாங் குழுவினரின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களை அவர்கள் பரிசோதித்தார்கள். 92 சதவீதமானோருக்கு ஒன்றோ பலவோ பெண்நோய்கள் இருந்தன. 55 சதவீதமானோர்தான் தங்களுக்கு நோவு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முன்பு எப்போதாவது உள்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. பெண்களின் உடல்நலம் என்றாலே கர்ப்பமும் பிரசவமும்தான் என்று உலகம் நினைத்திருந்த காலத்தில், அந்தக் கட்டுரை பலரின் கண்ணைத் திறந்தது. ராணி பாங்கும் அவருடைய கணவர் அபய் பாங்கும் 1986 முதல் அந்த மாவட்டத்திலேயே தங்கி, மக்களுக்கு வைத்தியம் செய்துகொண்டே ஆராய்ந்தவர்கள்.

நான் அந்தக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும்தான் வாசித்தேன். அதையும் அவசரமாக வாசித்தேன். பிறகு என் கட்டுரையின் முன்னுரையில், தெற்காசியக் கிராமப் பெண்களில் 92 சதவீதமானோருக்குப் பெண்நோய்கள் உண்டு என்று எழுதி, ராணி பாங்கின் பெயரைப் போட்டேன். இரண்டு கிராமங்கள் என்பதை விட்டேன். கட்சிரோலி என்பதை விட்டேன். எந்த ஆண்டு என்பதையும் விட்டேன். மதிப்பாய்வாளர் பிடிக்கவில்லை. கட்டுரை வெளியானது.

அதன்பிறகு மற்றவர்கள் என் கட்டுரையை அந்த ஒரு வரிக்காகவே மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள். மூலத்தை அவர்களும் தேடிப் போகவில்லை. 92 சதவீதத்துக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட்டார்கள். எனக்கு அதிக மேற்கோள் வாங்கித் தந்த கட்டுரை இன்றும் அதுதான். நான் கண்டுபிடித்த எதற்காகவும் அது மேற்கோள் காட்டப்படவில்லை. என் பிழைக்காகவே காட்டப்படுகிறது. இது தெரிந்த பிறகும் நெடுநாள் நான் வாய் திறக்கவில்லை. எண் ஏறிக்கொண்டிருந்ததே காரணம்.

வாசிக்காமல் மேற்கோள் காட்டுவது சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1980இல் நியூ இங்கிலாண்ட் ஜேர்னல் ஒப் மெடிசினில் ஐந்து வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது அபின் வகை வலி மருந்து பெற்ற நோயாளிகளில் அதற்கு அடிமையானவர்கள் மிகச் சிலரே என்று அது சொன்னது. அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்ததை 2017இல் கனடிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்படி மேற்கோள் காட்டியவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர், அது ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் பற்றியது என்பதைச் சொல்லவே இல்லை. அப்படிப் பரவிய தைரியத்தில் வீட்டுக்கு வீடு அந்த மருந்துகள் போய்ச் சேர்ந்தன. வட அமெரிக்காவில் எத்தனையோ பேர் அடிமையாகிச் செத்தார்கள். என் 92 சதவீதம் யாரையும் கொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. ஆனால் கிண்ணியாவுக்கும் வெருகலுக்கும் எங்கள் சொந்தக் கணக்கு எது என்று தேட வேண்டிய அக்கறையை அந்த வரி மழுங்கடித்தது. அதுவும் கேடுதான்.

எங்கள் மாகாணத்தைப் பற்றி ஒழுங்காகச் செய்த வேலையும் இருக்கிறது. கனடாவில் பேராசிரியராக இருக்கும் செபாலி குருகே, புலம்பெயர்ந்த பெண்களின் உடல்நலத்தையும் டொரன்டோவின் இலங்கைத் தமிழ்ப் பெண்கள் அனுபவிக்கும் வன்முறையையும் நெடுங்காலமாக ஆராய்ந்தவர். போருக்குப் பின் கிழக்கு மாகாணத்தில் கணவரின் வன்முறையை அனுபவித்த பெண்கள் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 2017இல் பிளொஸ் வன் இதழில் வந்தது. இலங்கையில் வேலை செய்பவர்களும் அதில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். காசு கட்டாமல் எவரும் வாசிக்கலாம். அந்தக் கட்டுரை கைக்கு வந்த அன்று, எங்கள் பெண்கள் அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று நான் முதலில் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அந்த ஏமாற்றத்தில் கட்டுரையைப் பல மாதம் வாசிக்காமலே வைத்திருந்தேன்.

என் கள ஆய்வுக்குத் துணையாக வந்தவர் ஒரு குடும்ப நல உத்தியோகத்தர். அந்தப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதியை அவருக்குத் தெரியும். மாமியார் வீட்டில் இருக்கும்போது எதைக் கேட்கக் கூடாது, எந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்தால் பெண் வாய் திறப்பாள் என்று சொல்லி, என் வினாக்கொத்தையே மாற்றி அமைத்தவர் அவர். தரவு சேகரித்தால் மட்டும் ஆசிரியராக முடியாது என்ற சர்வதேச விதியைக் காட்டி, நன்றி உரையில் ஒரு வரியோடு அவரை முடித்துவிட்டேன். ஆய்வை வடிவமைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கட்டுரை வந்த பிறகு அவர் ஒருநாள் கேட்டார்: "மிஸ், எங்கட ஆக்கள்ட ரிசல்ட் வந்திட்டுதா? கேட்டுக்கொண்டே இருக்கினம்." ஆங்கிலக் கட்டுரையின் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அமெரிக்க டொலர் கட்டினால்தான் அது திறக்கும். "நன்றி மிஸ்" என்று பதில் வந்தது. அதன்பின் அவர் கேட்கவில்லை.

அவரைப் போன்றவர்களின் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்த எண் பெரும்பாலும் முப்பதை ஒட்டியே இருந்திருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கர்ப்பவதிகளைப் பதிந்து, அவர்களின் கர்ப்பப் பதிவட்டையை மாதம் தவறாமல் நிரப்பிய இந்தப் பெண்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 1980களிலிருந்து, தாய் ஒருவர் இறந்தால் அது ஏன் நடந்தது என்று உட்கார்ந்து ஆராய்கிறார்கள். இந்தப் பெண்களின் பதிவேடு அங்கே மேசைக்கு வருகிறது. கூகுள் ஸ்கொலரில் இவர்கள் யாருக்கும் பக்கம் கிடையாது. எனக்கு இருக்கிறது.

92 சதவீத வரி பிழையானது என்று அந்த ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். திருத்தம் இன்னும் வெளியாகவில்லை. முடிவுகளைத் தமிழில் எழுதி அந்த உத்தியோகத்தரிடம் காட்டினேன். அவர் பாதியைத் திருத்தித் தந்தார். இம்முறை அவர் பெயர் என் பெயருக்கு முன்னால் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போனபோது சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. எனக்குப் பாய் விரித்த மூதூர் அம்மா மௌத்தாகிவிட்டார். அவருக்குக் கொடுத்த வாக்கை இனி நிறைவேற்ற முடியாது.

ஆராய்ச்சிக்கென்று உங்கள் வீட்டுக்கு யாராவது வந்து, முடிவுகளை அறியத் தருவோம் என்று கையெழுத்துக் கேட்டால், எப்போது தருவீர்கள் என்று கேட்டுத் திகதியையும் படிவத்தில் எழுத வையுங்கள். ஒரு பிரதியை வாங்கி வீட்டில் வையுங்கள். படிவத்தின் அடியில் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். சொன்ன திகதிக்கு அவர்கள் வராவிட்டால் அந்த இலக்கத்துக்கு அழையுங்கள். வந்தவள் நானாக இருந்தாலும் அழையுங்கள்.