கைரேகை வந்தால் அம்மா நலம்

இலங்கைக்குப் போன நம் அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பியது 1990 மார்ச் 24-ஆம் தேதி. சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அது சரியா தவறா என்று நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் கூடினால் இன்றைக்கும் சத்தம் போட்டுப் பேசுவார்கள். பேசட்டும். சென்னைத் துறைமுகத்தைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். அதே படையிலிருந்து வந்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கிய ஒரு பையனைப் பற்றி எழுத நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டது 1987 ஜூலை 29. சமாதானம் செய்து வைக்கப் போன படை அக்டோபரில் சண்டையில் இறங்கியது. இரண்டரை வருடத்தில் ஏறக்குறைய 1200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இறந்த பிறகு பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் செத்த சாதாரண ஜனங்களும் தமிழர்கள். அதனால்தான் நம் ஊரில் அந்தச் சிப்பாய்களைப் பற்றிப் பேச யாருக்கும் நா எழவில்லை.

நான் அப்போது ஏற்காடு தபால் ஆபீசில் எழுத்தர். புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன், மலைமேல் மணியார்டர் பாரம் நிரப்ப வந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். சேலத்தில் டீச்சர் வேலை பார்த்த மனைவிக்காக ரூல் 38-ல் மாற்றல் கேட்டு, சீனியாரிட்டியை விட்டுக்கொடுத்து வந்தவன். 1984 முதல் பத்து வருடம் அந்த கவுண்டரில் உட்கார்ந்தேன். டிசம்பரில் விரல் விறைத்து முத்திரை குத்த வராது.

நாகலூர் தாண்டி உள்ளே இருந்த ஒரு மலைக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வருவார். மலையாளி இனத்தவர். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை. தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை, ஒரே மகன். அவன் வெலிங்டனில் பயிற்சி முடித்து மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 1987 கடைசியில் இலங்கைக்குப் போய்விட்டான். பெயர் வேண்டாம். இப்போது அவரும் பேரன் பேத்தி எடுத்தவர்.

பட்டாளத்துக்காரர்களுக்குக் கடிதம் எழுதிய குடும்பங்களுக்குத் தெரியும், விலாசத்தில் ஊர் பெயரே இருக்காது. நம்பர், ராங்க், பெயர், யூனிட், அதற்குக் கீழே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். "என் பையன் எந்த ஊர்ல இருக்கான், ஐயா?" என்று அந்த அம்மா கேட்பார். "ஐம்பத்தாறுல இருக்கான்" என்று எங்கள் தபால்காரர் சொல்லிவைத்திருந்தார். ஐம்பத்தாறு என்பது ஓர் ஊர் என்றே அந்த அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

சந்தைக்கு வரும் நாளில் கவுண்டர் மூடும்வரை காத்திருந்து, என்னை எழுதச் சொல்வார். நான் எழுதுவேன். இதில் எனக்கு ஒரு வாத்தியார் உண்டு, என் சித்தப்பா. புதுச்சேரியில் சொல்தா என்று சொல்வோமே, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். இந்தோ-சீனாவில் இருந்துவிட்டு 1955-ல் திரும்பி வந்தார். அவர் போனபோது கடற்கரையில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. 1954 நவம்பர் 1-ல் ஊர் கைமாறிவிட்டதால் வந்தபோது பறந்தது நம் கொடி. அவருக்கு மாலை போட எந்தக் கொடிக்காரரும் வரவில்லை. அதைப் பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை. என் பாட்டி அடுத்த தெரு வாத்தியாரிடம் சொல்லி எழுதி அனுப்பிய கடிதங்களைப் பற்றி மட்டும் பேசுவார். "சிப்பாய்க்கு புத்தி சொல்லி எழுதாதே. அழுது எழுதாதே. எந்தக் கோழி எத்தனை முட்டை இட்டது, யார் வீட்டில் கல்யாணம், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, இதை எழுது. ராத்திரி படுக்கும்போது அவன் அந்தக் கிணற்றடியில் போய் நிற்பான்" என்பார்.

முதல் உலகப் போரில் பிரான்சில் 'மர்ரேன் த கேர்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. போர்க்கால ஞானத்தாய் என்று தமிழில் சொல்லலாம். 1915-ல் ஆரம்பித்தார்கள். வடக்குப் பிரான்ஸ் ஜெர்மன்காரன் கையில் சிக்கிக்கொண்டதால், அந்தப் பக்கத்துச் சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து ஒரு வரியும் வராது. முன்பின் தெரியாத ஒரு பெண் அவனைத் தத்து எடுத்தது போல் கடிதமும் பார்சலும் அனுப்புவாள். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஊர் பேர் தெரியாதவள் எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றிய வயது அது.

அந்த அம்மா சொல்லச் சொல்ல, சித்தப்பா சொன்ன மாதிரியே எழுதினேன். சாமை அறுத்தாச்சு. பலா இந்த வருஷம் காய்ப்பு கம்மி. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு உன் பேரில் தேங்காய் உடைத்தாச்சு. பதிலுக்கு அவனிடமிருந்து, ராணுவத்துக்கென்று தரும் இலவசக் கடிதத்தாளில் "நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது" என்று வரும். வாரம் தவறாமல் வானொலிச் செய்தி கேட்கிறவனுக்கு அந்தச் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தெரியாதா?

1988 ஐப்பசி மழையில் அவர்கள் வீட்டுப் புல் கூரை ஒரு பக்கம் விழுந்தது. நனைந்தபடியே இருந்த அந்த அம்மாவுக்கு நிமோனியா. ஊர்க்காரர்கள் கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கித் தார் ரோடு வரை தூக்கி வந்தார்கள். பக்கத்து எஸ்டேட் ரைட்டர் துரையிடம் பேசி ஜீப்பை வாங்கிக் கொடுத்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இருபத்திரண்டு நாள் கூட இருந்தாள். அதற்குள் ஊரில் முறை வைத்துப் புல் அறுத்துக் கூரை மேய்ந்துவிட்டார்கள். அவர்கள் நிலத்துச் சாமையையும் அறுத்து, அடித்து, மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை சேலம் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மூச்சு வாங்க முதலில் சொன்னது இதுதான்: "ஐயா, கூரை விழுந்ததை எழுதாதீங்க. படுத்துக் கிடக்கிறதையும் எழுதாதீங்க. அவன் அங்க என்ன பண்ணுவான்? துப்பாக்கிய போட்டுட்டு புல்லு மேய வருவானா?"

எழுதவில்லை. பலாவையும் கோழியையும் பற்றி எழுதினேன்.

இடையில் அந்த மாத மணியார்டர் வந்துவிட்டது. ஆள் இல்லை என்று திருப்பினால் மகனுக்கே போய்ச் சேரும், அவன் பதறிப்போவான். அதனால் விதிப்படி ஆஸ்பத்திரி விலாசத்துக்குத் திருப்பி விட்டோம். சேலம் தபால்காரர் கட்டிலருகே போய்ப் பணம் கொடுத்து, கைரேகை வாங்கினார். இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும்: மணியார்டர் பாரத்தின் ஒரு துண்டு ஒப்புகைச் சீட்டு. பணம் வாங்கியவர் கையெழுத்தோ கைரேகையோ அதில் இருக்கும். கைரேகையானால் சாட்சிக் கையெழுத்தும் இருக்கும். பட்டுவாடா செய்த ஆபீசின் முத்திரையோடு அது பணம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். 1880-ல் தொடங்கிய சேவை, 2015-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது செல்போனில் ஒரு நொடியில் பணம் போகிறது. விரல் மை போவதில்லை.

1990 ஏப்ரலில் அவர் லீவில் வந்தார். ஒரு மழை பெய்து காப்பிப் பூ பூத்திருந்த சமயம், மலை முழுக்க மல்லிகை மாதிரி வாசனை. சாதாரணச் சட்டையில்தான் வந்தார். ரயிலில் எதிரே இருந்த குடும்பம் எங்கே வேலை என்று கேட்டதாம். சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது, கொடுத்த முறுக்கை மட்டும் திருப்பி வாங்கவில்லை என்று சிரித்தபடி சொன்னார். சேலத்தில் இறங்கியவர் யூனிபாரத்தைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

வந்த மூன்றாம் நாள் தபால் ஆபீசுக்கு வந்தார். கவுண்டர் கம்பிக்கு வெளியே நின்று, "கடிதம் எழுதினது நீங்கதானே சார்? கையெழுத்தைப் பார்த்துக்கிட்டே இருந்ததால பழகின ஆள் மாதிரி இருக்கு" என்றார். சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் உறையில் சுற்றிய ஒரு கட்டை எடுத்தார். கடிதங்கள் என்று நினைத்தேன். கடிதங்கள் மழையில் நனைந்து போய்விட்டனவாம். இருந்தது ஒப்புகைச் சீட்டுகள், முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாக.

"கடிதத்துல யாரும் எது வேணாலும் எழுதலாம் சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது அம்மாவோட விரல். இது வந்தா அம்மா இருக்காங்க. மாசாமாசம் இதுக்குத்தான் காத்திருப்பேன்."

கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவிக் காட்டினார். 1988 நவம்பர். ரேகை மங்கலாக, பாதிதான் விழுந்திருந்தது. முத்திரை சேலம். சாட்சிக் கையெழுத்து ஆங்கிலத்தில், பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ் என்று எழுதியிருந்தது.

"அப்பவே தெரியும் சார். அடுத்த மாசம் ஏற்காடு முத்திரை வர்ற வரைக்கும் நான் சரியா தூங்கல."

"ஏன் கேட்டு எழுதவில்லை?" என்றேன்.

"அம்மா சொல்ல வேணாம்னு நினைச்சிருக்காங்க. நான் கேட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்கு இன்னும் கவலை. அதான் சாப்பாடு நல்லா இருக்குன்னு எழுதினேன்."

அந்த வரி எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த டிசம்பர் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி வழக்கத்தைவிட நீளமாக எழுதியிருந்தார்.

இலங்கையைப் பற்றி அன்று ஒன்றே ஒன்று சொன்னார். அங்கே ஒரு கிராமத்தில் சோதனைக்குப் போனபோது ஒரு கிழவி நெல்லைத் தூற்றியபடி, இவர் தமிழில் பேசியதைக் கேட்டு, "நீயும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே ராசா" என்றாளாம். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வருட லீவு அறுபது நாள். அதில் அவர் வீட்டில் உட்கார்ந்த நாள் குறைவு. தூளி தூக்கியவர்கள், கூரை மேய்ந்தவர்கள், சாமை அறுத்தவர்கள் யார் யார் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் நிலத்திலும் போய் வேலை செய்தார். கல் பொறுக்கினார், வேலி கட்டினார். ஜீப் ஓட்டியவருக்குக் கேண்டீன் ரம் ஒரு பாட்டில். எஸ்டேட் ரைட்டருக்குக் கம்பளி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் புடவையோடு போனபோது அவள், "நன்றி சொல்ல வந்துட்டியா? பெரிய மனுசன் ஆயிட்டியே. போய் அந்தப் பலா மரத்துல ஏறி நாலு காய் வெட்டிப் போடு" என்றாளாம். ஏறி வெட்டிப் போட்டுவிட்டுத்தான் புடவையைக் கொடுத்தார். எனக்கு ஒரு ஹீரோ பேனா, அவர் அம்மா கொடுத்த ஒரு பாட்டில் மலைத்தேன். தேன் தீர்ந்துவிட்டது. பேனா இருக்கிறது, நிப்பு மட்டும் மாற்றினேன்.

அவரை யாரும் மேடையில் ஏற்றவில்லை. கொடிநாள் வசூலுக்கு உண்டியல் வைக்கிற எங்கள் ஆபீசிலும் யாருக்கும் அது தோன்றவில்லை. அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. ஆனால் லீவு முடிந்து கிளம்பின அன்று, அந்த ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றதைப் பார்த்தேன். அவர்களில் பாதிப் பேர் அன்றையக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

1994-ல் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. அதுவரை நான்தான் எழுதினேன். அவர் அப்போது வடக்கே எங்கோ, மறுபடியும் ஒரு ஏ.பி.ஓ. நம்பரில் இருந்தார். எனக்குப் பிறகு எழுத, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மூத்த மகள் ஒத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்பு, குண்டு குண்டான எழுத்து. முதல் கடிதத்தை என் கவுண்டரிலேயே உட்கார்ந்து எழுதினாள். ஒட்டுவதற்கு முன் வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "கையெழுத்து மாறியிருக்கிறது. பயப்பட வேண்டாம். எனக்கு மாற்றல், அவ்வளவுதான். அம்மா என் எதிரில் நிற்கிறார்கள்." அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஸ்டாம்ப் பேடை இழுத்து, கேட்காமலே கட்டை விரலை அழுத்தி அதன் கீழே வைத்தார்.