ஹோட்டல் அறைக்கு வந்த விருந்தாளி

சகோதரிகளே, ஹோட்டலில் நாம் கொடுக்கும் பணம் பல இடங்களில் அறைக்கு மட்டுமல்ல, பதிவேட்டில் பெயருள்ள ஆட்களின் எண்ணிக்கையையும் பொறுத்ததுதான். நம் வீட்டுக்கு யாராவது இரவில் வந்தால் இன்னொரு பாயை விரிப்போம். அங்கே அது நடவாது.

2024இல் கண்டியில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தோம். அக்குறணையிலிருந்து ராத்தா பார்க்க வந்தார். பேச்சு நீண்டு இரவாகிவிட்டது. "இங்கேயே படுங்க" என்று சொல்லுமுன் கீழே இறங்கிக் கவுண்டரில் விசாரித்தேன். அடையாள அட்டையைப் பதிய வேண்டுமாம்; எங்கள் கட்டிலிலேயே படுத்தாலும் ஓர் ஆளுக்குரிய காசு உண்டாம். அதற்கு மேல் 10 வீத சேவைக் கட்டணம், 18 வீத வற் வரி. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்களே, அதன் அர்த்தம் இதுதான்.

பெயர் பதிவதில் எனக்குக் குறையில்லை. தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே! ஆனால் போடாத கட்டிலுக்கும் காசா? கேட்டேன். காலைச் சாப்பாடும் சேர்த்துத்தான் என்றார்கள். அப்படியானால் சாப்பாடு வேண்டாமென்று குறைக்கச் சொல்லிப் பாருங்கள். சில இடங்களில் இணங்குவார்கள். பிள்ளைகளுக்கு எத்தனை வயதுவரை இலவசம் என்பதும் இடத்துக்கிடம் மாறும். புக் பண்ணும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விருந்தாளியின் காதில் விழ மட்டும் கேட்காதீர்கள். காசென்று தெரிந்திருந்தால் ராத்தா அந்த இருட்டிலேயே பஸ் ஏறியிருப்பார். பதிவுக்கென்று அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.