வேலை முடிந்த பிறகே ஒப்புகை

விடியற்காலை ஐந்து மணி. சிங்கப்பூர் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் ஜொகூர் பாலத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. 1924இல் திறக்கப்பட்ட பாலம் இது. வரிசை இன்றும் ஓயவில்லை.

நான் எழுதிய மென்பொருள் சேவைக்கும் ஓய்வில்லை. ரேபிட்எம்க்யூ என்ற மென்பொருளின் வரிசையில் செய்திகளாக வரும் ஆர்டர்களை இரவும் பகலும் ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க வேண்டும்.

முதலில் ஒரு பெரிய தவறு செய்தேன். செய்தி கைக்கு வந்ததுமே, வேலை முடிந்தது என்று ஒப்புகை அனுப்பிவிட்டேன்; வரிசையும் அதை நீக்கிவிட்டது. ஒருநாள் இரவு சேவை பாதியில் நின்றது. கையில் இருந்த ஆர்டர்கள் வரிசையிலும் இல்லை, டேட்டாபேஸிலும் இல்லை. மறுநாள் முழுக்க வாடிக்கையாளர்களை அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது டேட்டாபேஸில் பதிந்த பிறகுதான் ஒப்புகை. இடையில் சேவை விழுந்தால் செய்தி வரிசைக்கே திரும்பிவிடும். ஒரே செய்தி இருமுறை வரலாம் என்பதால், ஆர்டர் எண்ணைச் சரிபார்த்து, முடிந்ததை விட்டுவிடுகிறேன். மூன்று முறை முயன்றும் முடியாதவை தனி வரிசைக்குப் போகும். காலையில் நானே பார்ப்பேன். சேவை நின்றால், அதைக் கண்காணிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் ஐந்தே விநாடியில் எழுப்பிவிடும்.

மென்பொருள் துறைக்கு வரும் தம்பி தங்கைகளே, ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் ஒரு மனிதர் காத்திருக்கிறார். வேலை முடியும் முன் முடிந்தது என்று சொல்லாதீர்கள்.