வீட்டுக்குள் ஒரு பார்

மது அருந்துவதற்கு வீட்டுக்குள் ஓர் இடம் வகுப்பது மரம், கல், அளவு பற்றிய கேள்வி மட்டுமன்று. கொங்கு நாட்டில் அது எவர் கண்ணெதிரே என்ற கேள்வியுமாகும்.

தகடூர் அதியமானை இழந்த ஔவையார் புறநானூற்றின் 235ஆம் பாடலில் நினைந்து அழுவது, கள் சிறிதளவே கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிட்ட, மிகுதியாகக் கிடைத்தால் தம்மைப் பாடவைத்துத் தானும் உடனிருந்து மகிழ்ந்த அவனது பண்பை. அங்கே கள் ஒளிக்க வேண்டிய பொருளன்று, விருந்தோம்பல். அந்தத் தகடூரே இன்றைய தருமபுரி. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய சேலம் மாவட்டத்துக்குள் அன்று அதுவும் அடங்கியிருந்தது. அதற்கு முன்பே, 1921இல், ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். குடிப்பவர் ஆணாயினும் அதன் கணக்கைத் தீர்ப்பவர் பெண் என்பதை இம்மண் நன்கறியும்.

வடவள்ளியில் நாங்கள் வீடு கட்டியபோது மூன்று வரைபடங்கள் எங்கள் முன் இருந்தன. முதலாவது, மாடிப்படிக்கு அடியில் கதவு வைத்த நேர்கோட்டு மேடை. இடம் மிச்சம், ஆனால் அமர்பவர் அனைவரும் சுவரையே பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, மூன்று பக்கமும் சூழும் 'ப' வடிவம். உள்ளே நின்று பரிமாற 3 அடி இடைவெளி, பின்னால் அலமாரி, வெளியே நாற்காலிகள் எனக் கூட்டினால் கூடமே அதற்குள் போய்விடும். மூன்றாவது, உணவறையின் ஓரத்தில் திறந்த 'எல்' வடிவம்.

முதலாவதையே தேர்ந்திருப்போம். எங்களுடன் வாழும் அம்மா, 1971இல் கடைகள் திறந்த பின், பத்து வயதில், தந்தையைக் கள்ளுக்கடையிலிருந்து அழைத்துவர அனுப்பப்பட்டவர். அவர் பார்வையில் படாதிருப்பதே மரியாதை என எண்ணியிருந்தோம். வரைபடத்தைப் பார்த்த அவரோ, "மறைச்சு வெக்காதீங்க கண்ணு. கண்ணுல பட்டாத்தான் எத்தன ஊத்துறீங்கன்னு தெரியும்" என்றார்.

ஆகவே 'எல்' வடிவமே அமைந்தது. நீண்ட கை 6 அடி. ஆளுக்கு 2 அடி வீதம் மூவர் அமரலாம். உயரம் 42 அங்குலம்; அதற்கேற்ற நாற்காலி 30 அங்குலம். முழங்கால் இடிக்காதிருக்க மேற்பலகை 10 அங்குலம் முன்நீட்டி நிற்கிறது. குறுகிய கையை மட்டும் உணவுமேசையின் 30 அங்குல உயரத்துக்கு ஆசாரி இறக்கித் தந்தார். அங்கே கிடப்பது சாதாரண நாற்காலி. அம்மா காபியோடு அதில் அமர்கிறார். பேரப்பிள்ளைகள் வரும் வீடாதலால் புட்டிகள் பூட்டிய அலமாரியில், மேற்கு வெயில் படாத சுவரில்.

அந்த அலமாரியில் அயல்நாட்டுப் பெயர்கள் பல உண்டு. கள் மட்டும் இல்லை. பொள்ளாச்சியில் எங்கள் தென்னைகள் நின்றாலும், 1987 முதல் தமிழகத்தில் கள் இறக்கத் தடை. அதியமான் அளித்ததை மட்டும் எங்களால் அளிக்க இயலாது.

இத்தகைய மேடை அமைக்க எண்ணும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம்: குடிக்காதவருக்கு நாற்காலி எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற அளவுகளை ஆசாரி பார்த்துக்கொள்வார்.