கொட்டகையில் கிடக்கும் இன்ஜின்

டார்ஜிலிங் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், நேபாளத்தை ஒட்டி மானேபஞ்சாங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒட்டி என்று சொல்வதுகூடப் பிழைதான். தெருவின் ஒரு பக்கம் இந்தியா, எதிர்ப்பக்கம் நேபாளம். அங்கிருந்து 31 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறினால், 3636 மீட்டர் உயரத்தில், மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடமான சந்தக்பூ. அந்தப் பாதையில் 1950களில் இங்கிலாந்தில் தயாரான லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் கூலிக்கு ஓடுகின்றன. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விட்டுச்சென்றவை. அந்த நிறுவனம் தன் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2018இல் இவ்வண்டிகளைப் பற்றி ஒரு சிறு படமே எடுத்தது. அதன்பின் கேமராவோடு வருபவர்கள் பெருகினார்கள். பானட்டைத் திறந்து பார்க்கச் சொல்பவர்கள் பெருகவில்லை.

திறந்தால் ஏமாற்றம் காத்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் உள்ளே இருப்பது மகிந்திரா டீசல் இன்ஜின்.

சிங்கலிலா தேசியப் பூங்கா ஆண்டுதோறும் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மூடப்படுகிறது. மழைக்காலம். சுற்றுலாக்காரர்கள் இல்லை, வரும்படியும் இல்லை. வண்டிகளைப் பிரித்து மேய்வதற்கு அந்த மூன்று மாதங்களே வாய்ப்பு. இங்கே சொல்லப்படும் ஓட்டுநருக்கும் (பெயர் வேண்டாம், அவர் விரும்பவில்லை) அப்படித்தான் நாற்பது மழைக்காலங்கள் கழிந்திருக்கின்றன. ஆனால் கடந்த மழைக்காலம் வேறுவிதமாக இருந்தது. வண்டியைப் பழுதுபார்ப்பதா, விற்பதா என்ற கேள்வியோடு அது தொடங்கியது.

அவருடைய வண்டி 1957ஆம் ஆண்டினது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 88 அங்குலம். ஒரு தோட்டத்தில் ஏலம் விட்டபோது அவருடைய தந்தை எடுத்தது. வந்தபோது அதில் 1997 சிசி பெட்ரோல் இன்ஜின் இருந்தது. மலையேற்றத்தில் அது மூச்சுவாங்கும். தவறு இன்ஜினுடையது அன்று. சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உள்ளே போகும் காற்று குறைந்தால் எந்த இன்ஜினும் வலுவிழக்கும். கார்புரேட்டரோ அதை அறியாமல் பெட்ரோலை அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டிருக்கும். அதோடு அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் போதும், பாதி வழியில் ஆவி பறக்கும். காலிபொக்ரி குளத்தருகே வண்டியை நிறுத்தி, கொதிப்பு அடங்கும்வரை தேநீர் குடிப்பது அந்நாட்களில் பயணத்தின் ஒரு பகுதி என்று அவர் சொல்கிறார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தந்தை பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, பழைய மகிந்திரா ஜீப் ஒன்றின் டீசல் இன்ஜினை ஏற்றினார். சொல்லும்போது ஒரு வரியில் முடிகிறது. செய்யும்போது இரண்டு ஆண்டுகள் பிடித்தது. இன்ஜினைத் தாங்கும் கைகளை வெட்டி இடம்மாற்றி வெல்டிங் செய்தாக வேண்டும். டீசல் இன்ஜின் எடை கூடுதல் என்பதால் முன்பக்க ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை கூட்டியாக வேண்டும். இவையெல்லாம் உள்ளூர்ப் பட்டறையிலேயே நடந்தன. சிக்கல் கொடுத்தது, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு தட்டு. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர் பாக்ஸின் உள்ளே நுழையும் தண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். மயிரிழை பிசகினாலும் இரண்டும் சந்திக்கும் இடத்திலுள்ள சிறிய புஷ் அரைபட்டுப் பொடியாகிவிடும். முதல் தட்டைக் கை டிரில்லால் துளையிட்டிருந்தார்கள். ஓராண்டில் மூன்று புஷ்கள் போயின. பிறகு தந்தை அந்தத் தட்டை முதுகில் கட்டிக்கொண்டு சிலிகுரிக்குப் போய், ஒரு லேத் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாகக் கடைந்து வாங்கிவந்தார். அந்தத் தட்டுதான் இன்றும் இருக்கிறது.

இங்கே வரலாற்றின் ஒரு குறும்பைக் குறிப்பிட்டாக வேண்டும். ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ், தன் பண்ணையில் ஓட்டிய போர்க்கால வில்லிஸ் ஜீப்பைப் பார்த்துத்தான் 1947இல் லேண்ட் ரோவரைச் சிந்தித்தார். அதே வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் கோத்து விற்றுத்தான் மகிந்திரா தன் வாகனத் தொழிலைத் தொடங்கியது. ஆக, ஒரே மூதாதையின் இரு கிளைகள் அரை நூற்றாண்டுக்குப் பின் ஓர் இமயமலைக் கிராமத்துக் கொட்டகையில் சந்தித்துக்கொண்டன. அந்த டீசல் இன்ஜினின் வடிவமைப்பு பிரான்சின் பெஜோ நிறுவனத்துடையது என்பதையும் சேர்த்துக்கொண்டால் இந்தக் குடும்பம் இன்னும் சிக்கலாகும்.

இந்த வண்டி இத்தனை காலம் பிழைத்திருப்பதற்கு, அது வறுமையில் பிறந்தது என்பதும் ஒரு காரணம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு; விமானத் தொழில் மிச்சம் வைத்த அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. எனவே உடல் அலுமினியக் கலவையில் அமைந்தது. விலையுயர்ந்த அச்சுகளைச் செய்யப் பணமில்லாததால், சேசிஸை நான்கு தட்டைத் தகடுகளை வெட்டிப் பெட்டிபோல் வெல்டிங் செய்தே உருவாக்கினார்கள். பெரும் ஆலை இல்லாமல் செய்ததைப் பெரும் ஆலை இல்லாமலே திருப்பியும் செய்யலாம். சுகியாபோக்ரியில் இருக்கும் ஒரு வெல்டர் இந்த வண்டியின் பாதி எலும்பை மாற்றிவிடக் கூடிய நிலையில் இருப்பதற்கு இதுவே காரணம். நவீன வண்டிகளில் அவரால் கதவுக் கீலைத் தாண்டிப் போக முடியாது.

ஆனாலும் நான்கு தகடுகளாலான பெட்டிக்கு ஒரு சாபம் உண்டு. உள்ளே ஈரம் புகுந்தால் வெளியேறாது. சிங்கலிலா முகட்டில் ஆண்டில் பாதி நாட்கள் மூடுபனி. துரு உள்ளிருந்து தின்னும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும் இடங்களிலோ வெள்ளைப் பொடி பூத்து அலுமினியமே உதிரும்.

கடந்த மே மாதம், பிக்கேபஞ்சாங்கைத் தாண்டிய கடைசி ஏற்றத்தில் இது வெளிப்பட்டது. ஆறு பயணிகள். சிவப்பு நெம்புகோலைப் பின்னிழுத்து, தாழ்ந்த கியர் வரிசையில் முதல் கியர். இன்ஜின் ஏறக்குறைய நாற்பது முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் நடை அது. நடந்து வருபவர் முந்திச் செல்வார். ஒரு கொண்டையூசி வளைவில் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம். பின்னச்சின் இடப்பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. பழைய லேண்ட் ரோவர்களின் பேர்போன பலவீனம் அது. சீட்டுக்கு அடியில் உபரி ஷாஃப்ட் ஒன்று எப்போதும் கிடக்கும். பயம் அதனால் அன்று. இவ்வண்டிகளில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டைப் பிடிக்கிறது. தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் முறிந்துபோனால், கைப்பிரேக் போட்டும் பின்சக்கரங்கள் கட்டுப்படாது. முன்சக்கரங்கள் மட்டும் பிடித்தன. ஏற்றத்தில் முன்பக்கத்துக்கு எடை குறைவு. வண்டி ஒரு முழம் பின்னே சறுக்கியது. அவர் கால்பிரேக்கை மிதித்தபடி இருக்க, கிளீனர் பையன் குதித்துச் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தான். பயணிகள் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண்மணி மீதிப் பாதை முழுவதும் அழுதுகொண்டே நடந்தார் என்று பையன் பின்னர் சொன்னான்.

பழுது நீக்க முக்கால் மணி நேரமே ஆனது. சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். நடுவில் ஆறு போல்ட்டுகள், அவற்றை நீக்கி ஷாஃப்ட்டை உருவிவிடலாம். உள்ளே தங்கிய துண்டைக் கம்பிச் சுருக்குப் போட்டு இழுத்தார். ஆனால் அதற்காக மல்லாந்து படுத்திருந்தபோது கண்ணில் பட்டது வேறொன்று. பின் ஸ்பிரிங் தொங்கும் குறுக்குச் சட்டத்தருகே, சேசிஸில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். ஸ்பேனரால் தட்டினார். மணியோசை வரவேண்டிய இடத்தில் அட்டையைத் தட்டினாற்போல் சத்தம் வந்தது.

ஜூன் முதல் வாரத்தில் கொல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைச் சேகரிப்பவர். விரிசலைப் பார்த்துச் சிரித்தார். அது அவருக்குப் பொருட்டன்று, சேசிஸ் எண் தெளிவாக இருந்தால் போதும். அவர் கேட்டது பழைய பெட்ரோல் இன்ஜினை. அது மாட்டுத் தீவனக் கொட்டகையின் மூலையில், சாக்குப் போர்த்திக் கிடந்தது. சேர்த்துக் கொடுத்தால் ஒரு விலை. டீசலோடு என்றால் அதில் பாதி. அவர் சொன்ன முதல் விலையைக் கேட்டு, சிலிகுரியில் வேலை பார்க்கும் மகன் அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான். “பா, அந்தப் பணத்தில் புது பொலேரோவுக்கு முன்பணம் கட்டிவிடலாம். பயணிகளும் நிம்மதியாக உட்கார்ந்து வருவார்கள்.”

மகன் சொன்னது தவறில்லை. இந்த ஏற்றத்தை லேண்ட் ரோவரைத் தவிர வேறெந்த வண்டியாலும் ஏற முடியாது என்று மானேபஞ்சாங்கில் சொல்லப்படுவது முழு உண்மை அன்று. அது பாதி தொழில், பாதி பெருமிதம். பாதையில் பல பகுதிகளுக்குக் கான்கிரீட் வந்துவிட்டது. நான்கு சக்கர இழுவையுள்ள புதிய வண்டிகளும் ஏறுகின்றன. அறுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட சேசிஸில் அந்நியர்களின் உயிரை ஏற்றிச் செல்வதை மரபு என்ற சொல்லால் மட்டும் நியாயப்படுத்திவிட இயலாது. ஓட்டுநரும் அதை அறிந்தவரே. மே மாதத்துக்குப் பின் அவர் சரியாக உறங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

விசித்திரம் ஆவணத்தில் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. இன்ஜின் மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. தந்தை அலைந்து திரிந்து பதிவுப் புத்தகத்தில் எரிபொருளை டீசல் என்று முறையாக மாற்றி முத்திரை வாங்கியிருந்தார். ஆகவே, சேகரிப்பாளருக்கு எது அசலோ அது பதிவுப் புத்தகத்தின்படி மாற்றம். பெட்ரோல் இன்ஜினைத் திரும்பப் பொருத்த வேண்டுமானால் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊர்த் தேர்களில் சக்கரம் மாறும், அச்சு மாறும், பலகை மாறும். எது அசல் தேர் என்று எவரும் கேட்பதில்லை. தேர் நிலையில் நிற்கும் பொருளாகிவிட்ட பிறகே அந்தக் கேள்வி எழுகிறது.

தசைன் பண்டிகை கழியட்டும் என்று சேகரிப்பாளரிடம் சொல்லிவிட்டு, ஜூலையில் அவர் வண்டியைப் பிரித்தார். சுகியாபோக்ரி வெல்டர் ஒரு நிபந்தனை விதித்தார். “தாஜு, ஒட்டுப்போட மாட்டேன். கெட்ட இடத்தைத் தாண்டி நல்ல இரும்பு வரும்வரை வெட்டுவேன். சம்மதமா?” (தாஜு என்பது அண்ணனை அழைக்கும் நேபாளிச் சொல்.) பின்தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி ஆறு பேர் தூக்கி இறக்கினார்கள். வெட்டும்போது சட்டங்கள் விலகாமலிருக்க, முதலில் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்தார்கள். மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தார்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வரவேண்டும். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. அது புதிய பிசகா, 1957இலிருந்தே உள்ளதா என்று ஒரு பகல் முழுவதும் வாதம். கடைசியில் முன்பகுதியையும் அளந்தார்கள். அங்கே சரியாக இருந்தது. பின்பகுதியைத் திருத்தினார்கள்.

வெட்டிய துண்டுகளுக்குள் துருத்தூள் ஒரு படி இருந்தது. புதிய குறுக்குச் சட்டமும் இருபுறமும் முழங்கை நீளத்துக்குப் பக்கச் சட்டங்களும் மூன்று மில்லிமீட்டர் தகட்டில் அமைந்தன. நீர் வடிய அடியில் துளைகள் விட்டார்கள். உள்ளே பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிச் சுழற்றினார்கள். கைப்பிரேக்கின் மேல் இனி நம்பிக்கை வைப்பதில்லை என்று, இரண்டு மரக்கட்டைகளை ஆப்பு வடிவில் செதுக்கிச் சங்கிலியால் பின்தொட்டியில் கட்டினார். ஆக்ஸில் ஷாஃப்ட்டுகள் நான்கையும் வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, சாக்கட்டித்தூள் பூசி விரிசல் தேடினார். வலப்பக்கப் பின் ஷாஃப்ட்டில் பல் தொடங்கும் இடத்தில் மயிர்போல ஒரு கோடு தெரிந்தது. அதையும் மாற்றினார்.

செப்டம்பரில் பூங்கா திறந்தது. முதல் பயணத்தில் பயணிகளை ஏற்றவில்லை. ஆறு பேரின் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகள், பக்கத்தில் மகன். அவன் விடுப்பெடுத்து வந்திருந்தான். டும்லிங், கைரிபாஸ், காலிபொக்ரி. மே மாதம் சறுக்கிய வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, ஆப்புகளை வைத்து, மகனைக் கீழே படுத்துப் பார்க்கச் சொன்னார். அவன் புதிய வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தான். தட்டியும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, மேலே போகும்வரை நானே ஓட்டுகிறேன் என்று கேட்டான்.

சேகரிப்பாளருக்கு இதுவரை பதில் போகவில்லை. பொலேரோவின் விலைப்பட்டியல் வீட்டுச் சுவரில் நாட்காட்டியோடு தொங்குகிறது. அன்று மாலை இறங்கிவந்ததும் ஓட்டுநர் கொட்டகைக்குப் போனார். சாக்கை விலக்கி, பெட்ரோல் இன்ஜினின் நான்கு பிளக் துளைகளிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, கைப்பிடியை மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றினார். இறுகிப்போகாமலிருக்க, தந்தை வாரந்தோறும் செய்துவந்தது. மறுபடியும் சாக்கைப் போர்த்திவிட்டு மாட்டுக்குப் புல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.